வாழ நல்ல நகரம் எது? பெரிய பூங்கா தூரத்தில், சின்னப் பூங்கா பக்கத்தில்

வழிப்போக்கன் (திங்கள், காலை 9:12)

வணக்கம். இரண்டு ஊர்களில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் வேலையை வைத்து முடிவெடுக்க முடியவில்லை, ஊரை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் ஊர் பெரியது, பேர் பெற்றது. "வாழத் தகுந்த நகரங்கள்" பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கும். நடுவில் பிரம்மாண்டமான பூங்கா, அதற்குள் ஏரி. ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு அந்தப் பூங்காவிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டாவது, யாரும் பெரிதாகப் பேசாத நடுத்தர ஊர். பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பூங்கா. அழகு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெரிய மரங்கள் கொஞ்சம், ஊஞ்சல், பெயின்ட் உரிந்த பெஞ்சுகள்.

வீட்டில் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. மகளுக்கு 9 வயது. மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். நண்பர்கள் எல்லாரும் முதல் ஊரைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் ஆசை அங்கேதான் இழுக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் பேச்சு ஊர்ச் சண்டையாகிவிடும், அதனால் சொல்லவில்லை. ஒரு நகரத்தில் நிம்மதியாக வாழ எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாடிக்காகம் (திங்கள், காலை 9:20)

குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

நிழல்தேடி (திங்கள், காலை 10:47)

பூங்கா அமைப்பதுதான் என் வேலை, பதினான்கு ஆண்டுகளாக. அதனால் ஒரு பக்கமாகத்தான் பேசுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பூங்கா எவ்வளவு பெரியது என்று எல்லாரும் கேட்கிறார்கள், எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் இதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்லியிருக்கிறது: குறைந்தது அரை ஹெக்டேர் பொதுப் பசுமைவெளி, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள். சுமார் ஐந்து நிமிட நடை. அரை ஹெக்டேர் என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். 2021இல் சேசில் கோனைனென்டைக் என்ற நகர்ப்புற வனவியல் அறிஞர் இதையே இன்னும் விரித்து 3-30-300 என்று ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்களாவது கண்ணில் பட வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் 30 விழுக்காடு மர நிழல் விழ வேண்டும், 300 மீட்டரில் பூங்கா இருக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு வெளியே பதினோரு ஹெக்டேரில் ஒரு பூங்கா அமைத்தோம். நீரூற்று, வளைந்த பாதைகள், விருதுக்குக்கூட அனுப்பினோம். திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை போய்ப் பார்த்தேன், காவலாளியும் நானும்தான். அதே ஆண்டு, கட்டடம் வராமல் போராடிக் காப்பாற்றிய ஒரு துண்டு நிலத்தில் பெஞ்சும் சில மரக்கன்றுகளும் மட்டும் வைத்திருந்தோம். ஆறே மாதத்தில் அங்கே புல் இருந்த இடம் தெரியவில்லை, அவ்வளவு கால்கள். மேலதிகாரி புல் போய்விட்டதே என்று திட்டினார். புல் தேய்ந்தால் அந்தப் பூங்கா ஜெயித்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

பெரிய பூங்காவுக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பக்கத்துப் பூங்காவுக்குச் செருப்பு மட்டும் போதும். வழிப்போக்கன், நீங்கள் இரண்டாவது ஊருக்குப் போங்கள்.

கணக்கன் (திங்கள், பகல் 1:05)

பட்டியல் என்றதும் வந்துவிட்டேன்.

அதிகம் பேசப்படும் பட்டியல் எகனாமிஸ்ட் இன்டெலிஜன்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடுவது. நிலைத்தன்மைக்கு 25 விழுக்காடு, மருத்துவத்துக்கு 20, பண்பாடும் சுற்றுச்சூழலும் சேர்ந்து 25, கல்விக்கு 10, உள்கட்டமைப்புக்கு 20 என்று பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். இதில் வீட்டு வாடகை எங்கே என்று தேடிப் பாருங்கள். இல்லை! வாழ்க்கைச் செலவு அந்தக் கணக்கிலேயே கிடையாது. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள், சிரமமான ஊருக்கு எவ்வளவு கூடுதல் படி கொடுக்கலாம் என்று முடிவு செய்ய உதவும் அளவுகோல் இது. வாடகையை நிறுவனமே கட்டும் ஆளுக்கு இது சரி. நீங்கள் அந்த ஆளா?

நிழல்தேடி சொன்னதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கை வெளியில் கழித்தவர்களில் நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். அந்த 120 நிமிடங்களை ஒரே மூச்சில் கழித்தாலும், பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பெரிய பூங்காவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் கணக்கு முடிந்ததே? பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஏன் அடம்?

நிழல்தேடி (திங்கள், பகல் 1:40)

ஆய்வு சரி. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் யாருக்குக் கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை ஏழு கிலோமீட்டர் போய்வர அவருக்குக் கிடைக்கலாம். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு? 9 வயதுப் பெண்ணுக்கு யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு. பக்கத்தில் இருந்தால் அவர்கள் யாரையும் கேட்க வேண்டாம். நான் தூரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதற்காகத்தான்.

போகாமலே கிடைப்பதும் இருக்கிறது. ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு: பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்கள். ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

கணக்கன் (திங்கள், பகல் 1:52)

மொத்தமே 46 நோயாளிகள். ஆனால் "யாரையும் கேட்க வேண்டாம்" என்றீர்கள் பாருங்கள், அது எந்தப் பட்டியலிலும் இல்லாத அளவுகோல். ஒப்புக்கொள்கிறேன்.

இரவுப்பணி (செவ்வாய், காலை 6:31)

பணி முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். செவிலியர். இங்கே எல்லாரும் மாலை ஆறு மணி நகரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என்னுடைய நகரம் இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இருப்பது.

அந்த நேரத்தில் பேருந்து வருகிறதா, நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா, நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் எங்காவது ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறதா, இதுதான் எனக்கு முக்கியம். நான் முன்பு இருந்த இடத்தில் அழகான பூங்கா ஒன்று வாசலிலேயே இருந்தது. சுற்றிலும் உயரமான வேலிச்செடி, ஒரே ஒரு வாயில். பகலில் சொர்க்கம். இரவில் அதைத் தவிர்ப்பதற்காகவே தினமும் பதினைந்து நிமிடம் சுற்றிக்கொண்டு போவேன்.

அப்புறம் சத்தம். பகலில் தூங்குகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாலைப் போக்குவரத்தின் சத்தம் நாள் சராசரியாக 53 டெசிபலையும் இரவில் 45ஐயும் தாண்டக் கூடாது என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள் தம்பி. தரகர் பேசிக்கொண்டே இருப்பார், அவரைக் கீழே அனுப்பிவிடுங்கள்.

மாடிக்காகம் (செவ்வாய், காலை 8:02)

தரகரைக் கீழே அனுப்பினால் சத்தம் 20 டெசிபல் குறைந்துவிடுமே அக்கா, அளவு தப்பாகிவிடாதா?

நிழல்தேடி (செவ்வாய், காலை 9:15)

இரவுப்பணி சொன்ன வேலியும் ஒற்றை வாயிலும் என் தொழில் செய்கிற பாவங்கள். மறுக்கவில்லை.

வழிப்போக்கனின் மகளுக்கு 9 வயது என்றதால் ஒன்று சொல்கிறேன். 1990களில் வியன்னாவில் பூங்காக்களுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண்பிள்ளைகள் வருவது சட்டென்று குறைந்தது, பையன்கள் அப்படிக் குறையவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. திறந்தவெளி முழுவதும் பந்து விளையாட்டுக்கு ஒரே மைதானமாகக் கிடந்தது, இடத்துக்குப் போட்டி என்று வந்தால் பெண்பிள்ளைகள் ஒதுங்கிவிட்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே மைதானத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், பாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

ஆகவே பூங்கா இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் போய் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பழைய சைக்கிள் (செவ்வாய், மாலை 4:26)

எனக்கு 68 வயது. இளைஞர்கள் நகரத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறீர்கள். என் வயதில் பெஞ்சில் அளப்போம். ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுவரை, ஒரு கழிப்பறையிலிருந்து அடுத்த கழிப்பறைவரை. அந்த இடைவெளி கூடக்கூட ஊர் சுருங்குகிறது. என் நண்பர் ஒருவர் நன்றாக நடப்பார், ஆனால் நீரிழிவு, அடிக்கடி கழிப்பறை தேவை. பக்கத்தில் இருந்த பொதுக் கழிப்பறையை மூடிவிட்டார்கள். அதோடு அவர் பூங்காவுக்கு வருவது நின்றுபோனது. பூங்கா அப்படியேதான் இருக்கிறது.

தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தவன் நான். குறுக்கு வழி என்று எல்லா வண்டிகளும் எங்கள் தெருவுக்குள் புகுந்த பிறகு, எதிர்வீட்டுக்காரரோடு பேச்சே குறைந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. தெருவைக் கடக்க அலுப்பு, கத்திப் பேச வேண்டிய சத்தம். அவ்வளவுதான் காரணம். இது என் புலம்பல் என்று நினைத்திருந்தேன். டொனால்டு ஆப்பிள்யார்டு என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களை இதே கேள்வியோடு அளந்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. நாளுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் மூன்று நண்பர்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9.

வண்டிகள் குறைந்த தெருவே ஒரு பாதிப் பூங்கா. மரம் வேண்டும்தான், ஆனால் மரத்தடியில் நின்று பேச முடிகிற தெரு வேண்டும்.

வாடகைக்காரன் (செவ்வாய், இரவு 9:50)

எல்லாரும் நல்ல பூங்கா, நல்ல தெரு என்கிறீர்கள். வந்த பிறகு என்ன ஆகும் தெரியுமா? வாடகை ஏறும்.

எங்கள் பகுதியில் பாழாய்க் கிடந்த வாய்க்கால் கரையை நடைபாதையாக்க நாங்கள்தான் கையெழுத்து வாங்கினோம். வேலை முடிந்தது, அருமையாக இருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் அந்த நடைபாதையைக் காட்டியே வாடகையை ஏற்றினார். நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மரத்துக்கு நானே பணம் கட்ட முடியாமல் வெளியேறினேன். நியூயார்க்கில் பழைய ரயில் பாதையை மாற்றி 2009இல் திறந்த ஹை லைன் பூங்காவைச் சுற்றி நடந்ததும் இதுதான், அளவுதான் பெரியது.

அதனால் வழிப்போக்கன் சொன்ன பெயின்ட் உரிந்த பெஞ்ச் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயின்ட் அடிக்கச் சொல்லி யாரும் மனு கொடுத்துவிடாதீர்கள்.

கணக்கன் (செவ்வாய், இரவு 10:14)

சிரிப்பு வந்தாலும் உண்மை. ஆனால் நல்ல இடம் வேண்டாம் என்பது விடையாகாது. வியன்னாவை 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நான் முன்பு சொன்ன அதே பட்டியல் முதலிடத்தில் வைத்தது. அந்த ஊரின் பரப்பில் ஏறத்தாழ பாதி பசுமைவெளி. எல்லாரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சிக்குச் சொந்தமான வீடுகளிலோ மானியத்தில் கட்டிய வீடுகளிலோ இருக்கிறார்கள், அதாவது மரம் வளர்வதால் மட்டும் அவர்கள் வாடகை எகிறாது. பட்டியலில் வாடகைக்கு மதிப்பெண் இல்லாததால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

நிழல்தேடி (புதன், காலை 7:58)

வாடகைக்காரன் சொன்னதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒரே இடத்தில் பளபளவென்று ஒன்றைச் செய்தால் அந்த இடம் விலையேறும். எல்லாப் பகுதியிலும் சுமாராக ஒன்று இருந்துவிட்டால் எந்த வீட்டுக்காரரும் எதைக் காட்டி ஏற்றுவார்? கோபன்ஹேகன் 1947இல் கைவிரல் திட்டம் போட்டது. ரயில் பாதைகளை ஒட்டி விரல் விரலாக ஊர் வளர வேண்டும், விரல்களுக்கு இடையே பசுமை விட வேண்டும். எந்த விரலில் குடியிருந்தாலும் பச்சை ரொம்பத் தூரத்தில் இருக்காது. சிங்கப்பூர் வேறு வழியில் போனது, பூங்காக்களைப் பாதைகளால் கோத்துக்கொண்டே வந்து 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே? நிழலில் உள்ள தரையோ சுவரோ உச்சி வெயிலில் கிடப்பதைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருக்கும். பெஞ்ச் எங்கே இருக்கிறது என்பதோடு, மதியம் மூன்று மணிக்கு அது நிழலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வழிப்போக்கன் (ஞாயிறு, இரவு 8:33)

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் இரண்டு ஊருக்கும் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டே போய்வந்தோம்.

முதல் ஊர்ப் பூங்கா உண்மையிலேயே அற்புதம். மகள் அங்கிருந்து திரும்பி வர மறுத்தாள். ஆனால் வீடு பார்த்த இடத்திலிருந்து அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும், நின்றும் ஏறியும் மொத்தம் 55 நிமிடம். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா உட்கார்ந்தவர்தான், எழுந்து சுற்றிப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது ஊரில் இரவுப்பணி அக்கா சொன்னபடி தரகரைக் கீழே அனுப்பி ஜன்னலைத் திறந்தேன். அமைதிதான். பிறகு பூங்காவுக்கு நடந்தோம். என் நடையில் ஆறு நிமிடம், அம்மாவின் நடையில் பதினான்கு. நடுவில் எனக்கு வரைபடத்தில் கண்ணில் படாத ஒன்று: நான்கு வழிச் சாலை. பச்சை விளக்கு 16 நொடி எரிகிறது. அம்மா முக்கால்வாசி கடக்கும்போதே சிவப்பு. ஒரு லாரிக்காரர் பொறுமையாக நின்றார், பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அம்மா திரும்பும்போது, "பூங்கா நன்றாக இருக்கிறது, நீங்கள் போய்வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பூங்காவில் மாலை ஐந்தேகாலுக்கு எண்ணினேன். வயதானவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் இருபதுக்கு மேல், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெண்பிள்ளைகள். கழிப்பறை இருக்கிறது, திறந்தும் இருக்கிறது.

கணக்கன் (ஞாயிறு, இரவு 8:50)

300 மீட்டரை நேர்கோட்டில் அளந்தால் இதுதான் நடக்கும். காகம் பறக்கிற தூரம் அது.

மாடிக்காகம் (ஞாயிறு, இரவு 8:52)

என்னை ஏன் இழுக்கிறீர்கள்?

நிழல்தேடி (ஞாயிறு, இரவு 9:30)

சிக்னல் நேரம் கணக்கிடும்போது நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று பல நாடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் வலியுள்ளவருக்கு அது ஓட்டம். எழுதிக் கேட்டால் நேரத்தைக் கூட்டுவார்கள், செலவே இல்லாத வேலை, நான் சில இடங்களில் செய்ய வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குக் காத்திருந்து வீடு எடுக்காதீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம், பூங்கா இருக்கும் பக்கத்திலேயே வீடு இருக்கிறதா?

பழைய சைக்கிள் (ஞாயிறு, இரவு 9:41)

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். மகளும் தனியாகப் போய்வரலாம். கடக்க வேண்டிய சாலை இல்லையென்றால் ஒன்பது வயதில் அனுப்பலாம், இருந்தால் பதின்மூன்று ஆகும். நான்கு ஆண்டுகள் சும்மா போய்விடும்.

வழிப்போக்கன் (வியாழன், மாலை 6:18)

அந்தப் பக்கம் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. கொஞ்சம் சின்னது, ஓர் அறை குறைவு, மனைவிக்குத் தனி அலுவலக அறை இருக்காது. அவரே சரி என்றுவிட்டார். கூடத்து ஜன்னலிலிருந்து இரண்டு மரங்களும் மூன்றாவதன் ஒரு கிளையும் தெரிகின்றன, 3-30-300 விதிக்காரர் ஏற்றுக்கொள்வாரா தெரியவில்லை. தரைத்தளம். அம்மா ஒரு முறைகூட நிற்காமல் பூங்காவுக்குப் போனார், நாங்கள் பின்னால் வந்தோம். அடுத்த மாதம் குடி போகிறோம்.

வாடகைக்காரன் (வியாழன், மாலை 6:25)

பெஞ்சுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லையே?

மாடிக்காகம் (வியாழன், மாலை 6:27)

அது இருக்கட்டும். தண்ணீர்?

வழிப்போக்கன் (வியாழன், மாலை 6:40)

பெயின்ட் அடிக்கவில்லை. தண்ணீர் வருகிறது, மூன்று குழாயையும் திறந்து பார்த்தேன்.